முதுகைப் பார்த்தே வாசித்த மச்சானோடு ஈப்போவுக்கு

கிள்ளானிலிருந்து ஈப்போவுக்குப் போகச் சாக்கு தேடிக்கொண்டே இருப்பவன் நான். போன மாதம் ஒரு சனிக்கிழமை நல்ல சாக்கு கிடைத்தது. என் தங்கையைக் கட்டியிருக்கும் சூசை மச்சான் நாற்பது வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறவர். சொந்தக் குழு கிடையாது. ஸ்டூடியோவோ மேடையோ, கூப்பிட்டவருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்துவிட்டு வருவதுதான் வேலை. சென்னையிலிருந்து வந்த பெரிய பாடகர்கள் பலருக்கு வாசித்திருக்கிறார். ஆனால் எந்தப் போட்டோவிலும் இவர் முகம் இருக்காது. ஒன்றில் பாடகரின் தலை மறைக்கும், இன்னொன்றில் சிம்பல் மறைக்கும். தங்கை வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறாள். அதில் மச்சானுடையது என்று சொல்ல ஒரு முழங்கை தெரியும். போகும்போதெல்லாம் அந்த முழங்கைக்கு நான் வணக்கம் வைப்பேன்.

ஈப்போ கச்சேரிக்கு வர வேண்டிய சென்னை டிரம்ஸ்காரருக்குத் திடீரென்று உடம்பு சரியில்லை. ஏற்பாட்டாளர் சூசையைக் கூப்பிட்டார். மூன்று மணிக்கு ஒத்திகை. பாடகருக்குப் பிடித்தால் சூசை, பிடிக்காவிட்டால் கம்ப்யூட்டரில் இருக்கும் தாளத்தையே ஓட விடுவார்களாம். மச்சான் என்ன செய்தார்? 'பிடித்தால்' என்கிற பேச்சை விட்டுவிட்டு, மேடையில் வாசிக்கப் போவதாகத் தன் அக்காவிடம் சொல்லிவிட்டார். கோலா கங்சார் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்துச் சனங்களோடு இருக்கிற லூர்து அக்கா ஒரு பஸ்ஸையே பிடித்துவிட்டார்.

"நாப்பது வருசமா வாசிக்கிறேன் வாசிக்கிறேன்னு சொல்றான், ஒருநாளும் கண்ணால பாத்ததில்ல. இந்தத் தடவ பாத்தே ஆகணும்லா" என்று போனில் என்னிடம் சொன்னார்.

ஒத்திகையில் கோட்டைவிட்டால் ஒரு பஸ் சனமும் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் ஈப்போவுக்கு இரண்டரை மணி நேரம். டிக்கெட் நாற்பது வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, முன்னே பின்னே இருக்கும். சனி ஞாயிறென்றால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், என்னைப்போலக் கிழவர்கள் கட்டணக் கழிவு கேளுங்கள். மச்சான் பயத்தில் முன் இருக்கையின் முதுகில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். அந்த இருக்கையில் இருந்த சீனத்து அம்மா, தாப்பா வந்ததும் திரும்பி ஒரு பிஸ்கட் பொட்டலத்தை அவர் கையில் திணித்தார். கைக்கு வேறு வேலை கிடைத்தது. எனக்கும் பாதி கிடைத்தது.

ஸ்டேஷனிலிருந்து நம் சனம் நிறைந்த புந்தோங் பகுதிக்கு வாடகைக் காரில் பத்து வெள்ளிக்குள் முடிந்தது. தோசைக் கடையில் நல்ல கூட்டம். எங்கள் மேசையில் காலியாக இருந்த இடத்தில் தொப்பி போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார். கச்சேரிப் போஸ்டரில் அவருக்கு அடர்த்தியான முடியும் கறுப்புக் கண்ணாடியும் உண்டு. இங்கே இரண்டும் இல்லை. தாடை மச்சத்தை வைத்து நான் கண்டுபிடித்துவிட்டேன், இன்று பாடப் போகிறவரே அவர்தான். மச்சானிடம் சொன்னேனா? சொல்வேனா?

"ஏன் மச்சான், இன்னிக்குப் பாடறவரு எப்படிப்பட்ட ஆளு?" என்று கொளுத்திப் போட்டேன்.

"கொரலு தங்கம்லா" என்றார் சூசை. "நான் ரெண்டு தடவ வாசிச்சிருக்கேன். ஆனா ரெண்டாவது சரணம் வந்தா வரி மறந்துரும். மறந்ததும் வலது தோளு ஏறும். அதப் பாத்து நான் டிரம்ஸுல ஒரு உருட்டு உருட்டுவேன். சனம் கை தட்டும், அதுக்குள்ள அவருக்கு வரி வந்துரும்."

தொப்பிக்காரர் தோசையைப் பிய்க்காமல் கேட்டார். "அது அவருக்குத் தெரியுமாங்க?"

"எங்கண்ணே தெரியும்? திரும்பிப் பாத்தாத்தானே. எனக்கும் அவரு முதுகுதான் தெரியும், அவருக்கு நான் யாருன்னே தெரியாது."

அவர் சிரித்துவிட்டு எழுந்து கல்லாப் பக்கம் போனார். வாய்க்குப் போன தோசை மச்சான் கையிலேயே நின்றது.

"மச்சான்... அந்த முதுகு."

"என்னா முதுகு?"

"அது அவரு முதுகுலா! ஐயோ, நீ பாத்தியா?"

"ஒக்காரும்போதே பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீதான் நல்லாப் பேசிக்கிட்டு இருந்தியே."

அதற்குப் பிறகு மூன்று மணிவரை மச்சான் என்னைவிட்டுப் பத்தடி முன்னாலேயே நடந்தார். பின்னால் வந்த நான் முறுக்கும் கச்சாங் பூத்தேயும் வாங்கிக்கொண்டேன். புந்தோங் போனால் அந்த வறுத்த கடலை வகைகளை வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஒத்திகைக்குப் பாடகர் முடியும் கண்ணாடியுமாக வந்தார். எங்களைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மைக்கை எடுத்தவர் சபைப் பக்கம் திரும்பாமல், டிரம்ஸைப் பார்த்து நின்று பாட ஆரம்பித்தார். எனக்கு மேல் குறும்புக்காரர்! மச்சான் தடுமாறினார், ஒரு குச்சி கீழே விழுந்தது. ஏற்பாட்டாளரின் கை கம்ப்யூட்டர் பக்கம் போனது. தோசைக் கடையில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று எனக்கே வியர்த்தது.

சூசை எழுந்து நின்றார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கலா. ஒங்க மூஞ்சியப் பாத்து எனக்கு வாசிக்கத் தெரியாது."

பாடகர் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றார். இப்போது தாளம் கிண்ணென்று விழுந்தது. இரண்டாவது சரணத்தில் பாட்டு நின்றது, வலது தோள் ஏறியது. மச்சான் உருட்டவே இல்லை. சும்மா தாளத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"ஏன் உருட்டலை?" என்று கேட்டார் பாடகர், திரும்பாமலே.

"அது பொய்த் தோளுண்ணே. நெசமா மறந்தா கழுத்தும் சேந்து ஏறும்."

மண்டபமே சிரித்தது. "அந்தக் கம்ப்யூட்டரை மூடி வைங்கப்பா" என்றார் பாடகர். மச்சான் என் பக்கம் பார்த்தார். ஒருவழியாக என்னை மன்னித்த பார்வை அது.

ஏழரைக்குக் கச்சேரி. தோட்டத்துப் பஸ் அதற்கு முன்பே வந்து, லூர்து அக்கா கூட்டத்தோடு முன் வரிசையில் நடுவில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து பார்த்தால் பாடகர்தான் தெரிவார், சூசை தெரியவே மாட்டார். நான்கு பாட்டுவரை அக்கா பொறுத்துக்கொண்டார். ஐந்தாவது பாட்டு முடிந்ததும் எழுந்து நின்றார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க! என் தம்பிய மறைக்கிறீங்க!"

பாடகர் இடுப்பில் கை வைத்துச் சிரித்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். அடுத்த பாட்டில் இரண்டாவது சரணம். வலது தோள் ஏறியது, கழுத்தும் ஏறியது. மச்சான் உருட்டினார் பாருங்கள், கூரைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. சனம் விசில் அடித்தது, பாடகருக்கு வரி வந்துவிட்டது. பாடுவதற்கு முன் அவர் திரும்பி, மச்சானைப் பார்த்துத் தலையாட்டினார். அக்கா கை தட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் பாடகரே போட்டோவுக்குக் கூப்பிட்டார். கேமராவுக்கு முதுகைக் காட்டி ஓரமாக நின்றுகொண்டு, "இவருக்கு என்னை இப்படித்தான் அடையாளம் தெரியும்" என்றார். படத்தில் மச்சானின் முகம் பற்கள் உட்பட முழுதாக விழுந்திருக்கிறது.

ராத்திரி அவர்கள் பஸ்ஸிலேயே கோலா கங்சார் போனோம். ஈப்போவிலிருந்து ஐம்பது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். ரப்பர் தோட்டம் இருந்த இடமெல்லாம் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள். ரப்பர் மரம் பார்க்க ஆசையென்றால் ஊருக்குள் மிகப் பழைய மரம் ஒன்றை வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. ஞாயிறு காலை லூர்து அக்கா போனில் இருந்த படத்தை ஒவ்வொரு வீடாகக் காட்டிக்கொண்டு போனார்.

"இது என் தம்பி. ஓரமா முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறது யாரோ பாட்டுக்காரராம்."

அந்தப் படம் இப்போது தங்கை வீட்டுச் சுவரில் முழங்கைக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. நான் வணக்கம் வைப்பது இன்னும் முழங்கைக்குத்தான், மச்சானுக்குத் தலைக்கனம் ஏறிவிடக் கூடாதல்லவா?

நீங்களும் இப்படி ஒரு கச்சேரிக்குப் போனால் முன் வரிசை நடுவில் டிக்கெட் எடுக்காதீர்கள். ஓரமாக இடம் கேளுங்கள். விலையும் குறைவு, டிரம்ஸ்காரரும் தெரிவார். அவரைப் பார்த்து ஒரு கை ஆட்டிவிட்டு வாருங்கள். திருப்பி ஆட்டவில்லையே என்று வருத்தப்படாதீர்கள், அவருக்கு இரண்டு கையிலும் வேலை இருக்கும்.