கொடிமரத்துக்கு ஒரு குழி

என் வீட்டுக்காரர் சிலுவைராஜ் கட்டட வேலையிடத்தில் சூப்பர்வைசர். புக்கிட் மேராவில் இப்போது நடக்கும் வேலையில் பழைய மரங்களைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். அந்த வேலிக்குள் யாராவது ஒரு செங்கல்லை வைத்தால் போதும், மனுஷர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். லாரி ஏறினால் மண் இறுகும், மண் இறுகினால் வேருக்கு மூச்சு முட்டும் என்று சோறு போடும்போதுகூட எனக்குப் பாடம் நடக்கும்.

அப்பேர்ப்பட்டவர்தான் எங்கள் கோயில் வளாகத்தில், தூங்குமூஞ்சி மரத்துக்குப் பக்கத்திலேயே குழி தோண்டப் போனார்.

போன வருஷம் அவருக்கு பைபாஸ் நடந்தது. பிழைத்து வந்தால் வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்கு நிரந்தரமாக ஒரு கொடிமரம் நட்டுத் தருவதாக நேர்ந்துகொண்டார். கம்பம் வந்து இறங்கியது. ஜாலான் புசார் கடைகளில் அலைந்து போல்ட்டும் வாங்கியாயிற்று. பெரிய வாசலுக்கு நேரே இடம் குறித்தார்.

"மரம் பக்கத்துல இருக்கே" என்றேன்.

"இந்தப் பக்கக் கிளையைத்தான் வெட்டிட்டாங்களே. மேல பாரு, வானம் தெரியுது" என்றார்.

மேலே கிளை போனால் கீழே வேரும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுமா என்று கேட்டேன். காதில் விழாத மாதிரி போய்விட்டார். கொடியேற்றத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

சனிக்கிழமை பாடகர் குழு ரோனி தோண்டினார், இவர் நின்று அதிகாரம் செய்தார். முழங்கால் ஆழத்தில் கடப்பாரை எதிலோ முட்டியது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால், தொடை பருமனில் ஒரு வேர்.

"ஒரு வேர்தானே லா. மரத்துக்கு வேற வேரா இல்ல? ரம்பத்தைக் கொண்டா" என்றார் இவர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க சைட்ல ஒருத்தர் இப்படிச் சொன்னா அவரை என்ன பண்ணுவீங்க?" என்று ரோனி முன்னாலேயே கேட்டேன்.

இவர் ரோனி கொண்டுவந்த ரம்பத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு நூர்தீனுக்கு போன் போட்டார். நூர்தீன் மர நிபுணர். வேலியை இன்னும் தள்ளிப் போடுங்கள் என்று வேலையிடத்தில் இவரோடு மல்லுக்கட்டுபவர். அவரிடம் போய் உதவி கேட்பது இவருக்கு விளக்கெண்ணெய் குடிப்பது மாதிரி.

நூர்தீன் வந்து மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அண்ணே, மரம் கிளாஸ்ரூம் பக்கமா சாஞ்சிருக்கு. இந்தப் பக்கத்துல இழுத்துப் பிடிச்சிருக்கிறது இந்த வேர்தான். வெட்டினா, பெரிய காத்துக்கு நான் கேரண்டி தர மாட்டேன்."

அந்த வகுப்பறைகளில்தான் மறைக்கல்விக்குப் பிள்ளைகள் உட்காருவார்கள். இவர், வேர் காயக்கூடாது என்று தானே மண்ணை அள்ளிப் போட்டு மூடினார்.

"அப்போ என் கொடிமரம்?" என்றார் பிறகு. அந்தக் குரலைக் கேட்கப் பாவமாக இருந்தது.

"கொஞ்சம் தள்ளி நடலாம்ணே. ஆனா கடப்பாரை வேணாம், கையால தோண்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

சுவர் ஓரம் தோண்டினால் விரல் பருமனில் வேர்கள் பின்னிக் கிடந்தன. தண்ணீர்க் குழாய்ப் பக்கமும் அதே கதை. கடைசியில் பக்கவாட்டு வாசலுக்கு எதிரே, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு அருகில் மண்கரண்டி இறங்க இறங்க வெறும் மண்தான். நூர்தீன் தலையாட்டினார்.

இவருக்கு மட்டும் மனக்குறை. "பக்க வாசல்ல வச்சா யாரு பாப்பா?"

"ஆபரேஷன் முடிஞ்சு நீங்க எந்த வாசல் வழியா வந்தீங்க?" என்றேன்.

கொடியேற்றத்தன்று அந்த வாசலில் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. வருஷா வருஷம் கூட்டத்துக்குப் பின்னால் முதுகுகளையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இந்த முறை கொடிமரத்தை முதலில் தொட்டு முத்தமிட்டது அவர்கள்தான். இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

செபம் முடிவதற்குள் காற்று பிடித்துக்கொண்டது, பின்னாலேயே மழை. கொடி படபடவென்று அடித்துக்கொள்ள, எல்லோரும் அதையே அண்ணாந்து பார்த்தார்கள். இவர் மட்டும் என் கையைப் பிடித்தபடி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வகுப்பறைப் பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது, நிமிர்ந்தது.

"நிக்குது, அல்போன்சா" என்றார்.

மழைக்கு ஒதுங்கிய பிள்ளைகள் வகுப்பறையில் மாதா பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.