கட்டைக்குள் குடியிருந்த கெளுத்தி

அமெரிக்காவின் ஈரி நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் வெர்னா ஹஸ்கா பல வருடங்களாகப் பிள்ளைகளின் தட்டில் உருளைக்கிழங்கு மசியல் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் குரலைக் கேட்டதாகச் சொல்லும் பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. பேசத் தெரியாது என்றில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் வேறு யாராவது பேசி முடித்துவிடுவார்கள். இந்த ஊரில் வாய்க்குப் பஞ்சமே இல்லை.

அப்படிப்பட்டவள் மீன் வளர்ப்போர் சங்கத்தில் சேர்ந்தது கணவன் க்ளென்னுக்கே ஆச்சரியம். சங்கத்து ஏலத்தில் யாரும் கை தூக்காத பை ஒன்றை வாங்கி வந்தாள். உள்ளே விரல் நீளத்தில் ஒரு மரக்கெளுத்தி. தொட்டியில் விட்டதும் செடிகளுக்கு அடியில் கிடந்த பொந்துக் கட்டைக்குள் நுழைந்தது, அதோடு சரி. வெளிச்சத்தில் தலையே காட்டவில்லை. விளக்கை அணைத்துவிட்டு அடிமணலில் போடும் இரை காலையில் காணாமல் போயிருக்கும். அவளுக்கு அது போதும்.

"உன் மீன் செத்து வருஷக்கணக்காச்சு வெர்னா. நீ நத்தைக்குத்தான் சோறு போட்டுக்கிட்டு இருக்க" என்பான் க்ளென். நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன்; பேச்சும் வண்டி மாதிரியே, எதிரில் இருப்பதைத் தள்ளிக்கொண்டு போகும்.

சங்கத்தார் குளிர்காலத்தில் வீடு வீடாகப் போய்த் தொட்டி பார்ப்பார்கள். கண்ணால் கண்ட மீன்தான் கணக்கு. அந்த ஜனவரியில் வெர்னாவின் முறை. பெப்பரோனி இறைச்சி வைத்த ரொட்டி உருண்டை சுட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தாள். பனிக் காலணிகளை வாசலில் கழற்றிவிட்டு எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

"எங்க வெர்னா உன் பேய் மீன்?" என்றார் சங்கத் தலைவர் டுவைட்.

"கட்டைக்குள்ள..."

"இப்படித்தான் எல்லாரும் சொல்றது. எங்க வீட்டுக் குளியல் தொட்டியில ஒரு சுறாகூட இருக்கு, பார்க்கத்தான் முடியாது!"

எல்லோரும் சிரித்தார்கள். வேண்டாம் என்று அவள் சொல்வதற்குள் அவர் சட்டைக் கையைச் சுருட்டிக் கட்டையைத் தூக்கிவிட்டார். கவிழ்த்து உலுக்கினார். ஒன்றும் விழவில்லை.

"காலி" என்று அதைச் சமையலறை மேசையில் ஒரு தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

பயந்தால் இந்த மீன் துடுப்பு முள்ளை விரித்துப் பொந்தில் பூட்டிக்கொள்ளும். எத்தனை உலுக்கினாலும் விழாது. இது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மீனே இல்லை என்று முடிவு கட்டிவிட்டவர்களுக்குத் தெரிந்து என்ன பயன்?

"அதத் திருப்பி வைக்கணும்" என்றாள் வெர்னா. யார் காதிலும் விழவில்லை. ஒருவர் தொட்டுக்கொள்ளக் கடுகுச் சாந்து கேட்டார். எடுத்துக் கொடுத்தாள்! கட்டையில் நீர் சொட்டுவது நின்றிருந்தது. அப்போது உள்ளிருந்து, எண்ணெய் போடாத கீல் மாதிரி, கிர்ர்க் என்றது.

"வாயை மூடுங்க எல்லாரும்!" என்று கத்தினாள் வெர்னா.

எல்லோர் கையும் பாதியில் நின்றது. கிர்ர்க், கிர்ர்க்.

"அட, இருக்குதே!" என்று ஓடி வந்தார் டுவைட். "இரு, தட்டி வெளிய எடுத்துடறேன். பார்த்தாத்தானே கணக்குல சேர்க்க முடியும்?"

"கையை வச்சீங்க, ஒடிச்சிடுவேன்."

கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கினாள். சட்டையெல்லாம் சேறு. கலங்கலில் எதுவும் தெரியவில்லை. விருந்தாளிகள் ஒவ்வொருவராகக் காலணியைத் தேடினார்கள்.

அன்று போட்ட இரை மறுநாள் அப்படியே கிடந்தது. அதற்கு மறுநாளும். தானே கொன்றுவிட்டதாக அவள் நினைத்தாள். கத்துவதற்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனது? க்ளென் கேலி எதுவும் செய்யவில்லை. அதுவும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் கடைக்குப் போய்விட்டு வந்தாள். சீக்கிரமே இருட்டிவிட்டிருந்தது. வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து விளக்கு ஸ்விட்சில் கை வைத்தாள்.

"போடாத" என்றது க்ளென்னின் குரல், தரையிலிருந்து. காலணியைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் குந்தியிருந்தான்.

"ஏன், என்னாச்சு?"

"மெதுவாப் பேசு. அவன் சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்."