பலேர்மோவில் அன்று வெய்யில்

லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஆர்ச்வே பஸ் தரிப்பில் என் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னைப் பார்த்துச் சிரித்து, "டேர்ன்ட் அவுட் நைஸ்" என்றாள். 'டேர்ன்ட்', 'அவுட்' என்ற இரண்டு சொல்தான் எனக்கு விளங்கியது; கோட்டை உட்புறம் வெளியே தெரியப் பிரட்டிப் போட்டிருக்கிறேனோ என்று பயந்து, குனிந்து அதன் ஓரத்தைப் பிரட்டிப் பார்த்தேன். அவள் மேலே வானத்தைக் காட்டினாள். சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு முழம் நீலம் தெரிந்தது. வானம் வெளித்துவிட்டது என்பதைத்தான் சொல்லியிருக்கிறாள். முன்பின் தெரியாத இருவர் இந்த ஊரில் தயங்காமல் பேசக்கூடிய விஷயம் வானம் ஒன்றுதான் என்பது பிடிபட எனக்கு ஒரு வருடம் சென்றது. யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று எழும்பினால் கதவுகள் அடித்துக்கொள்ளும், வாடை தொடங்கினால் அம்மா இருமத் தொடங்குவா. அதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இங்கே என் வீட்டில் சொல்வதற்கும் கேட்பதற்கும் நான் ஒருத்திதான். என்னை மணமுடித்துக் கூட்டிவந்தவர் நான்காம் வருடமே மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளையில்லை. ஒரு அறையும், ஆஸ்பத்திரி வார்ட்டில் படுக்கை விரிக்கும் வேலையும் மிஞ்சின.

இதையெல்லாம் சொல்வது என் தம்பி குகனைப் பற்றிச் சொல்வதற்காக. எண்பத்தாறில் லண்டன் என்று சொல்லி ஏஜென்டோடு புறப்பட்டவன் இத்தாலியில் நின்றுவிட்டான். தெற்கே, சிசிலித் தீவில், பலேர்மோ என்ற நகரத்தில் வயதான ஒரு கனவானைக் கவனித்துக்கொள்ளும் வேலை. மாதம் ஒரு கடிதம் எழுதுவான். வார்ட்டில் நோயாளிகள் வாசித்துவிட்டுப் போடும் பத்திரிகைகளை மடித்து அடுக்குவதும் என் வேலைகளில் ஒன்று. அவற்றின் உள்பக்கமொன்றில் பொடி எழுத்தில் உலக நகரங்களின் முந்தைய நாள் காலநிலை இருக்கும். ஒரு நாள் அதில் பலேர்மோ என்ற பெயரைக் கண்டேன். வெய்யில், இருபத்து நான்கு பாகை என்று இருந்தது. கையிலிருந்த பத்திரிகையை மடிக்க மறந்து அங்கேயே நின்றேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் முதலில் அந்த வரியைத்தான் பார்ப்பேன். மழை என்று இருந்தால், நேற்று குடை எடுத்துக்கொண்டு போயிருப்பானா என்று நினைப்பேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல ஒரு பழக்கம் அது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்தது. அதே மாதம், கொழும்பு போய் வந்த ஒருவரின் கையில் அம்மாவின் கடிதமும் வந்தது. உள்ளே ஒரு பெண்ணின் படமும் சாதகக் குறிப்பும் இருந்தன. 'இதைத் தபாலில் அனுப்பாதே, நேரில் போய்த் தம்பியிடம் காட்டு, அவன் முகத்தைப் பார்த்து எனக்கு எழுது' என்று எழுதியிருந்தா. யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. அந்த ஒரு தாள் எத்தனை சோதனைச் சாவடி தாண்டி என் கைக்கு வந்ததோ. எப்படியும் போவது என்று முடிவெடுத்தேன்.

எப்போது போவது என்பதில்தான் சிக்கல். ஆர்ச்வே நூலகத்தில் இத்தாலியின் காலநிலை பற்றி ஒரு புத்தகம் இருந்தது. படங்களில் அந்த நாட்டை மாதம் மாதமாக நிறம் தீட்டியிருந்தார்கள். வடக்கே மலையோரத்தில் குளிரும் பனிமூட்டமும், நடுவே இலையுதிர்கால மழை, தெற்கே கோடையில் ஒரு துளி மழையில்லாத வறட்சி. ஆபிரிக்காவிலிருந்து மண் அள்ளிக்கொண்டு வரும் சிரொக்கோ என்ற காற்றைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க இருந்தது. காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதால் அந்தச் சனங்களில் எனக்கு ஒரு பிடிப்பு வந்தது. இரண்டு மூன்று முறை புத்தகத்தைப் புதுப்பித்து எடுத்தேன். கொப்பி ஒன்றில் பன்னிரண்டு மாதத்துக்கும் கோடு போட்டு, மழை, வெக்கை, காற்று எனக் குறித்தேன். டிக்கட் விற்கும் கடையில் இருந்த பெடியன், "உங்களுக்கு வெய்யில் வேண்டுமா, ஊர் பார்க்க வேண்டுமா?" என்று கேட்டான். "என் தம்பியைப் பார்க்க வேண்டும்" என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் இரட்டைக் கட்டில் அறையா?" என்றான். வார்ட்டில் என்னோடு வேலை செய்த மொரீன், அயர்லாந்துக்காரி, நல்ல மனுசி. இத்தாலி என்றதும் என் கையைப் பிடித்து, "போய் வெய்யிலில் கிடந்து நல்லாக் கொஞ்சம் நிறம் பிடித்துக்கொண்டு வா" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் என் கையையும் தன் கையையும் பார்த்தாள். இருவரும் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் போய், சிஸ்டர் எட்டிப் பார்த்தா.

அந்தக் காலத்தில் குகன் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்துப் பேசத் தொடங்கியிருந்தான். குரல் கேட்கிறதே என்ற சந்தோஷத்தில், கடிதம் ஏன் நின்றது என்று நான் கேட்கவில்லை. நான் ஒவ்வொரு மாதமாகச் சொல்ல, அவன் ஒவ்வொன்றையும் தட்டினான்.

"ஆகஸ்ட்டில வரட்டோ? எனக்கு லீவு இருக்கு."

"ஐயோ அக்கா, வராதேங்கோ. உருகிப் போவியள். கடையெல்லாம் பூட்டு."

"அப்ப ஒக்டோபர்? வெக்கை தணிஞ்சிடும் எண்டு புத்தகத்தில கிடக்கு."

"ஒக்டோபரில மழை தொடங்கிடும்."

"ஏப்ரல்?"

"ஏப்ரலில அந்த மண் காத்து. கண் திறக்கேலாது."

அவன் சொன்ன எதுவும் முழுப் பொய்யில்லை. என் கொப்பியிலும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் பன்னிரண்டு மாதத்திலும் என் கூடப்பிறந்தவனைப் போய்ப் பார்க்க ஏற்ற மாதம் ஒன்றுகூட இல்லாத நாடு உலகத்தில் இருக்குமா? கோயிலில் கண்டவர்கள், "இன்னும் போகேல்லையோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். சரியான காலநிலை பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

டிசம்பரில் ஒரு ஞாயிறு. பேச்சோடு பேச்சாக, "இண்டைக்குச் சரியான பனிப்புகார், அக்கா. முன் கட்டிடமே தெரியேல்லை. கால் விறைக்குது" என்றான். எங்கள் ஊரில் பனிமூட்டத்தைப் பனிப்புகார் என்போம். அந்தச் சொல்லைக் கேட்டுக் கன காலம் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன். திங்கட்கிழமை வார்ட்டில் பத்திரிகையை விரித்தேன். பலேர்மோ, வெய்யில், பதினேழு. அச்சுப் பிழையாக இருக்கும் என்று வேறொரு பத்திரிகையைப் பார்த்தேன். அதிலும் பலேர்மோவில் வெய்யில். கண் தானாகவே கொஞ்சம் மேலே போனது. மிலான், பனிமூட்டம், ஒரு பாகை. மிலான் வடக்கே கிடக்கிறது. புத்தகத்தின் படத்தில் முழுக்கச் சாம்பல் நிறம் பூசிய பகுதி அது.

அடுத்த மூன்று ஞாயிறும் அவன் எது சொன்னாலும் எழுதி வைத்தேன். அவன் ஸ்நோ என்ற நாள் மிலானில் ஸ்நோ. அவன் புகார் என்ற நாள் மிலானில் பனிமூட்டம். பலேர்மோவிலோ வெய்யில், வெய்யில், ஒரு நாள் மட்டும் மழை. சொந்தத் தம்பியைப் பொலிஸ்காரி போல உளவு பார்க்கிறேனே என்று மனம் குமைந்தது. நாலாம் ஞாயிறு கேட்டுவிட்டேன்.

"குகன், நீ எந்த ஊரில நிக்கிறாய்?"

"ஏன் கேக்கிறியள்? பலேர்மோவிலதான்."

"போன ஞாயிறு அங்க நல்ல வெய்யில் எறிச்சிருக்கு. நீ ஸ்நோ கொட்டினது எண்டாய்."

மறுபக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் போனடியிலேயே இருந்தேன். முழுகப் போகும்போது கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனேன். என் கேள்வியால்தான் அவனையும் இழந்தேன் என்று நினைத்தேன். மூன்றாம் ஞாயிறு பின்னேரம் மணி அடித்தது. மிலானுக்குக் கிழக்கே உள்ள ஒரு சிறு நகரத்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னான். வந்து இரண்டு வருடமாகிறதாம். "வாறதெண்டா வாங்கோ. ஆனா இங்க இப்ப ஒண்டும் பாக்கேலாது."

"நான் பாக்க வரேல்லை. உன்னட்டை வாறன்" என்றேன்.

பெப்ரவரியில் போகிறேன் என்று மொரீனிடம் சொன்னபோது அவள் தன் கழுத்துச் சால்வையைக் கழற்றித் தந்தாள். மிலான் விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்த்தவர், "ஹொலிடே?" என்று கேட்டார். "யெஸ்" என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத வெண்மையைத் திரும்பிப் பார்த்து, என்னையும் ஒருமுறை பார்த்து, மிகவும் மரியாதையாக முத்திரை குத்தினார்.

குகன் வெளியே நின்றான். நான் ஊரை விட்டு வந்த பன்னிரண்டு வருடத்தில் முன்பக்க முடி கொட்டி நெற்றி ஏறியிருந்தது. வலது கையால் என் பெட்டியை வாங்கினான். இடது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. பஸ்ஸில் ஏறும்போதும், கம்பியைப் பிடிக்க வேண்டிய இடத்திலும், அது வெளியே வரவில்லை. வார்ட்டில் பத்து வருடம் வேலை செய்தவளுக்கு அது போதும். அவனுடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்தியதும், "காட்டு" என்றேன். அவன் மறுக்கவில்லை. பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் அடியோடு இல்லை. தோல் இழுத்துத் தைத்த இடம் மினுங்கியது. நல்லபடியாகத் தைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. பிறகுதான் அழுகை வந்தது.

பலேர்மோவில் அந்தக் கனவான் இறந்த பின் வீட்டை விற்றுவிட்டார்கள். வடக்கே தொழிற்சாலைகளில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தவன், தகடு அடிக்கும் மெஷின் ஒன்றில் முதல் மாதமே விரல்களைக் கொடுத்துவிட்டான். இப்போது அதே இடத்தில் வாசல் கேட்டடியில் காவலுக்கு நிற்கிறான். குகன் பிறவியிலேயே இடக்கைக்காரன். முதலாம் வகுப்பில் வாத்தியார் வலது கையால் எழுதச் சொல்லி அடித்தபோது, வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத அம்மா பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய், "அவன் எந்தக் கையால எழுதினாலும் எழுத்து எழுத்துத்தானே, மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு வந்தா. அதன் பிறகு யாரும் அவன் கையைத் தொடவில்லை. அந்தக் கையைத்தான் அவன் அம்மாவிடமிருந்து இரண்டு வருடமாக ஒளித்துக்கொண்டிருந்தான்.

"எனக்காவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்கள் அழுவியள். பிறகு அம்மாவுக்கு எழுதுவியள். அம்மா அங்க ஷெல்லடிக்குள்ள இருந்துகொண்டு என்ர கையை நினைச்சு நித்திரை கொள்ள மாட்டா."

நான்கு நாள் நின்றேன். நான்கு நாளும் சூரியனைக் காணவில்லை. அவன் வேலைக்குப் போய்விட்டால், நான் ஜன்னலடியில் இருந்து, பனிப்புகாருக்குள் இல்லாமல் போன தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் வந்ததும் சோறு காய்ச்சி, பருப்பும் கத்தரிக்காயும் வைத்துச் சாப்பிடுவோம். போனில் ஐந்து நிமிடத்தில் வானத்தைப் பற்றி அவ்வளவு பேசிய நாங்கள், ஒரே மேசையில் இருந்து என்ன பேசுவது என்று தெரியாமல் தவித்தோம். மூன்றாம் நாள் கோப்பையைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பாராமல் கேட்டான்.

"பொம்பிளைப் படம் கொண்டு வந்தனிங்களோ?"

"உனக்கு ஆர் சொன்னது?"

"அம்மா விடுவாவே? கொண்டு வந்தனிங்களோ?"

"ஓம்."

"காட்டாதேங்கோ, அக்கா."

நான் காட்டவில்லை. படம் என் கைப்பைக்குள் சாதகக் குறிப்போடு கிடந்தது. அந்தப் பெண் யாரோ, எந்தக் கிராமமோ. அவளும் ஏதோ ஒரு பதிலுக்காகக் காத்திருப்பாள்.

திரும்பும் நாள் பனிமூட்டம் இன்னும் தடித்தது. விமான நிலையத்தில் ஒலிபெருக்கி திரும்பத் திரும்ப ஒரு சொல்லைச் சொன்னது: நெப்பியா. "அதுதான் பனிப்புகார்" என்றான் குகன். ஒன்றும் பறக்கவில்லை. அவனுக்கு அன்று பின்னேர ஷிப்ட். வேலைக்குப் போகச் சொன்னேன். தொழிற்சாலைக்குப் போன் பண்ணிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தான். எதிரே இருந்த இத்தாலியக்காரி எங்களைப் பார்த்து ஏதோ இரக்கமாகச் சொன்னாள். குகனின் காது சிவந்தது. "புருசன் பெண்சாதி பிரியினம் எண்டு நினைச்சிட்டா" என்றான். அவளுக்கு ஏதோ விளக்கினான். அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, பையிலிருந்து எங்களுக்குச் செம்மஞ்சள் நிறத்தில் ஆளுக்கொரு தோடம்பழம் எடுத்துத் தந்தாள். அவன் பழத்தைப் பற்களால் உரித்தான். கையைப் பைக்குள் வைக்கவில்லை.

ஐந்து மணித்தியாலம் இருந்தோம். அதில் ஒரு மணித்தியாலம் அவன் என்னிடம் ஒரு தாள் வாங்கி, தொடையில் வைத்து எழுதினான். இடது கையில் மிஞ்சிய இரண்டு விரலால் தாளை அமத்திப் பிடித்து, வலது கையில் பேனையை இறுக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். முடித்ததும் நீட்டினான். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. 'அம்மா, எனக்கு இடது கையில் மூன்று விரல் இல்லை. மற்றப்படி சுகம். அக்கா வந்து பார்த்தா. இது வலது கையால் எழுதினது.'

"எழுத்து விளங்குதோ?"

"நல்லா விளங்குது" என்றேன்.

பின்னேரம் நாலு மணிக்கு எங்களை ஏற்றினார்கள். விமானம் எழும்பி இரண்டு நிமிடத்தில் வெண்மை கிழிந்து, கண்ணைக் குத்தும் வெய்யில் வந்தது. தூரத்தில் பனிமலைகள் வரிசையாக நின்றன. கீழே மூட்டம் வார்ட்டில் புதிதாக விரித்த கட்டில் போல ஒரு சுருக்கமில்லாமல் கிடந்தது. அதற்கடியில் எங்கேயோ குகன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பான். லண்டனில் மழை பெய்வதாகக் கப்டன் அறிவித்தார். பக்கத்துச் சீட்டுக்காரர், கண் கூசுகிறது, ஜன்னல் மறைப்பை இறக்கட்டுமா என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள் என்றேன். முகத்தின் ஒரு பக்கம் சுட்டது. சப்பாத்துக்குள் கால்விரல்கள் இன்னும் தம்பியின் ஊர்க் குளிரில் விறைத்தபடியே இருந்தன.