சுரண்டிய எண்

இந்த ஊரில் சவர பிளேடைச் சவரத்துக்கு மட்டும்தான் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்துக்கு வந்து பி.எஸ்ஸி. சேர்ந்த இரண்டாம் மாதம், என் மேசையில் பாதியாக ஒடித்த பிளேடைப் பார்த்த அறைத்தோழன் இது எதற்கு என்றான். எழுதுவதற்கு என்றேன். அவன் தன் சவரப் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

ஊரில் இன்டர்மீடியட் படித்த உங்களுக்குத் தெரியும். ஆய்வகச் சோதனைகளை எழுதும் ரெக்கார்டு நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் மார்க் போச்சு. பிளேடால் மையைச் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் சரியான எண்ணை எழுதுவோம். சரியான எண் எதுவென்று சோதனை தொடங்கும் முன்பே தெரியும். போன வருடத்து அண்ணன்மாரின் நோட்டில் இருக்கும். அதைப் பிசகாமல் கொண்டுவருபவன் கெட்டிக்காரன். நான் கெட்டிக்காரன்.

இங்கே முதல் வருடமே கடற்கரைக்கு அனுப்பிப் பாறையில் நத்தை எண்ணச் சொன்னார்கள். பாம்பன்காரனுக்கு இது ஒரு வேலையா என்று சிரித்துக்கொண்டே போனேன். மேல்பக்கம் நாற்பத்தொன்று, கீழ்ப்பக்கம் பதினான்கு. புத்தகமோ கீழேதான் அதிகம் என்றது. புத்தகத்தோடு யார் மல்லுக்கட்டுவது? பிளேடை எடுத்தேன்.

எங்கள் ஆசிரியை அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இங்கே என்ன எண் இருந்தது?" தாள் அசிங்கமாக இருக்கிறது என்கிறார் என நினைத்து, "வேறு தாளில் அழகாக எழுதித் தருகிறேன், மேடம்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. கண்ணால் கண்டதை அழித்தவனை இங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள், திங்கட்கிழமை என் முன்னால் மறுபடி எண்ணு, பேராசிரியரிடம் என்ன சொல்வதென்று அப்புறம் பார்க்கிறேன் என்றார்.

பாம்பன் ஸ்டேஷனில் ரயிலேற்றும்போது என்னைப் பெற்ற அய்யா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஏலே, பெயிலாப் போனாக்கூட வா. களவாண்டான்னு வெரட்டிவிட்டாங்கன்னு மட்டும் வந்து நிக்காத."

திங்கட்கிழமை குளிர்காற்றில், ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினேன். அவரும் தனியாக எண்ணினார். இருவருக்கும் மேலே முப்பத்தொன்பது, கீழே பதினைந்து.

"இதையா அழித்தாய்? இதற்காகத்தானே உன்னை அனுப்பினேன். தப்பென்று தோன்றினால் ஒரு கோடு போடு. பழையதும் தெரியட்டும்."

பேராசிரியரிடம் போக மாட்டார் என்று புரிந்தது. "மேலே ஏன் அதிகம், மேடம்?"

"எனக்குத் தெரியாது. புத்தகம் எழுதியவருக்கும் தெரிந்திருக்காது. நீ கண்டுபிடி."

ஒரு வாத்தியார் வாயால் 'தெரியாது' என்று கேட்டது அதுதான் முதல் முறை. தப்பித்தேன் என்ற நிம்மதியே வரவில்லை. முன்னதைவிடப் பெரிய பயம் வந்தது. விடையை முன்னால் வைத்துக்கொண்டே வளர்ந்தவன், இனி எதன் பின்னால் ஒளிவேன்? பாம்பன் கரையிலும் காலடியில் நத்தை கிடந்தது. எண்ணிப் பார் என்று எந்தக் கல்லூரியும் சொன்னதில்லை. நம் பிள்ளைகளுக்கும் இந்தப் பயத்தை முதல் வருடத்திலேயே கொடுத்துவிட வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று மாலை அய்யாவுக்குக் கடிதம் எழுதினேன். 'இங்கன எனக்குப் பயமில்லை' என்று வழக்கம்போல் கை எழுதிவிட்டது. பிளேடு பக்கத்திலேயே இருந்தது. அதை எடுக்காமல் 'பயமில்லை' மேல் ஒரு கோடு இழுத்து, 'பயமா இருக்கு அய்யா' என்று எழுதித் தபாலில் போட்டேன். அய்யா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அடித்ததையும் விடாமல் படிப்பார். இரண்டில் எதை அவர் மகன் எழுதியதென்று எடுத்துக்கொள்வாரோ.