நான் அழித்த வட்டம்

எழுபதுகளில் தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் கணிதத் துறைத் தலைவராக இருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஜெசிந்தா டீச்சர் கடலோடிக் குடும்பத்துப் பெண். ஒருநாள் அவர் வகுப்புக்குள் நுழைந்தேன். கரும்பலகையில் இரண்டு வரிசை எண்களாக ஓர் அணி (மேட்ரிக்ஸ்). அதன் சிறப்பு எண்களான ஐகன் மதிப்புகள் இரண்டுமே பூஜ்யம். அவற்றைச் சுற்றி விரியும் எண் வீச்சை, அதாவது அந்த அணி தரக்கூடிய மதிப்புகள் பரவும் பகுதியை, வட்டமாக வரைந்திருந்தார்.

“ரெண்டும் பூஜ்யம்னா ஒரு புள்ளிதானே வரணும்?” என்றேன்.

“நங்கூரம் ஒரே இடத்துலதான் கெடக்கும் சார். வள்ளம் அதச் சுத்தி வட்டமடிக்கும்லா?”

“இது கடல் இல்ல, கணக்கு” என்று வட்டத்தை அழித்தேன். மாணவர்கள் சிரித்தார்கள்.

மாலையில் அந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். வட்டமேதான், ஆரம் அரை. சமச்சீர் அணிகளில்தான் அது புள்ளியாகச் சுருங்கும்; அவற்றையே பார்த்துப் பழகிய எனக்குத்தான் இங்கும் புள்ளி தெரிந்திருக்கிறது.

மறுநாள் அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன்.

“இதப் பிள்ளைய முன்னால சொல்லுவீங்களா, சார்?”

துறைத் தலைவர் அல்லவா நான், சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது இன்னும் புள்ளிதான்.