கூப்பிட்டால் எழுந்துவிடுவார்

அன்று சனிக்கிழமை. பெருமாளுக்குத் துளசி தொடுத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கோவிந்தராசு போயிட்டான்" என்றார்.

"எந்த ஊருக்கு?" என்று கேட்டேன். நாடகக் குழு நடத்தும் வீட்டில் போவது என்றால் ஏதாவது ஊருக்குப் போவதுதான். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துளசி மடியிலிருந்து சரிந்து விழுந்தது.

'மதகடி' நாடகத்தைத் தஞ்சாவூர்ப் பக்கம் பார்க்காதவர்கள் குறைவு. வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் ஒரு கிழவர், தண்ணீர் வந்துவிடும் என்று மதகடியிலேயே காத்திருந்து உயிரை விடுவார். ஊர் ஊராகப் போய் அந்தக் கிழவராகவே வாழ்நாள் முழுக்க நடித்தவர் கோவிந்தராசு. குழுவின் வரவு செலவு எழுதுவது என் வேலை. பள்ளிக்கூடம் போகாத எனக்கு, நாடக நோட்டீசுகளை எழுத்துக்கூட்டிப் படித்து வந்த எழுத்து இது. மேடையில் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். திரை விழுந்தபின் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

வேஷம் கட்ட ஆரம்பித்தபோது அவர் இளவட்டம். பவுடரைக் கொட்டித் தலையை வெளுக்க வைப்போம். கடைசி வருஷங்களில் பவுடருக்கு வேலையே இல்லை. கும்பகோணத்தில் ஓர் அம்மாள் மேடைக்குப் பின்னால் வந்து, "மேக்கப் பிரமாதங்க, நெசக் கெழவராட்டமே இருக்கு" என்றார். "ரொம்ப நாளாப் போடுறேங்க, இப்பதான் நல்லா ஒட்டிக்கிச்சு" என்றார் இவர்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் செத்தவரை, அவருக்கு வேண்டியவர் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் எழுந்திருக்க வேண்டும். கோவிந்தராசுவை முதலில் அவருடைய அம்மா கூப்பிட்டார். அம்மா காலமானபின் மனைவி சரசுவைக் கூப்பிடச் சொன்னோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவுங்க பேரை நான் எப்படிக்கா சொல்றது?" புருஷன் பெயரை வாயால் சொல்லாமல் வளர்ந்தவள். கோயிலில் ஊரே கோவிந்தா போடும்போதும் உதட்டை மடித்துக்கொண்டு நிற்பாள்.

"பெருமாள் கோச்சுக்க மாட்டாராடி?" என்பேன்.

"எங்க வீட்ல ஒருத்தர் இருக்காங்கன்னு அவருக்குத் தெரியும்க்கா."

அப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது. "கோவிந்தராசு, எந்திரிச்சு வாப்பா" என்பேன். "வந்துட்டேன் அண்ணி" என்று கண்ணைத் திறப்பார்.

மன்னார்குடிப் பக்கம் ஓர் ஊரில், நாடகம் முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அந்தப் பெரியவருக்கு நெசமா ஒண்ணும் ஆகலியே?" என்று ஒரே அழுகை. அவர்களைத் தேற்றிவிட்டு வருவதற்குள் ஆட்கள் திரை, தட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். வெறும் பலகையில் இவர் மட்டும் கண்மூடிக் கிடக்கிறார், முகமெல்லாம் கொசு. கோமாளி வேஷம் போடும் பக்கிரி, "எந்திரிய்யா, லாரிக்காரன் உன்னையும் சேத்து ஏத்திடப் போறான்" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார். "தன்னால எந்திரிக்கக் கூடாது அண்ணி. அழுதாங்களே, அந்த அழுகைக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்றார்.

இன்னோர் ஊரில், அவர் உயிர்விடும் காட்சியில் ஒரு விவசாயி பொறுக்கமாட்டாமல் சொம்புத் தண்ணீருடன் மேடை ஏறிவிட்டார். எல்லோரும் திகைத்து நின்றோம். இவர் கிழவராகவே வாயைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, பிறகுதான் செத்தார். அதற்கப்புறம் எந்த ஊரிலும் அந்த இரண்டு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் அவர் செத்ததில்லை. "இது நாம எழுதின காட்சி இல்ல அண்ணி, அவர் குடுத்தது. எடுக்கக் கூடாது."

அந்தச் சனிக்கிழமை, பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். "கயித்துக் கட்டில்ல படுத்திருந்தாங்க. ஒத்திகை பாக்குறாங்கன்னு நெனச்சு, நான் பாட்டுக்கு அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன்க்கா" என்றாள் சரசு.

குழுவில் இருந்த எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூப்பிடுங்கக்கா. நீங்க கூப்பிட்டா எந்திரிச்சிருவாங்க."

வாயைத் திறந்தேன். கூப்பிட்டு அவர் வராவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

"தூக்க வந்துட்டாங்கக்கா. கூப்பிடுங்க."

என்னால் முடியவில்லை. தலையைத்தான் ஆட்டினேன். சரசு என் கையை விட்டுவிட்டுப் பெட்டியின் மேல் குனிந்தாள்.

"கோவிந்தராசு" என்றாள். புதுச் சொல்லைப் பழகுகிறவள்போல மெதுவாகச் சொன்னாள். பிறகு சத்தமாக, "கோவிந்தராசு, எந்திரிச்சு வாங்க."

பக்கிரி சுவரில் முகத்தை வைத்துக்கொண்டார். நாங்கள் காத்திருந்தோம். சத்தியமாக, பதில் வரும் என்று காத்திருந்தோம்.

கிழவர் வேஷத்துக்கு அவர் வைத்திருந்த கைத்தடியும் வேட்டியும் சரசுவிடம் இருக்கின்றன. நான் எதையும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் கோயிலில் ஊர் கோவிந்தா போடும்போது என் வாயும் திறப்பதில்லை. எந்தக் கணக்கையும் நிலுவையில் வைத்துப் பழக்கமில்லாதவள் நான். கூப்பிடாமல் விட்ட இந்த ஒரு முறையை மட்டும் என்னிடமே வைத்துக்கொள்கிறேன். நான் இன்னும் அவரைக் கூப்பிடவில்லை.