ஆறுச்சாமியின் ஞாயிற்றுக்கிழமை

மாதக் கடைசி வந்தாலே திலகவதிக்குக் கழுத்து வலி வந்துவிடும். கோயமுத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனி. அங்கே ஆட்களுக்குச் சம்பளம் போடுகிற வேலை. யார் எத்தனை நாள் வரவில்லை, யாருக்கு எவ்வளவு பிடிப்பது என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்துவிட்டது. ஞாயிறு சம்பளத்தோடு விடுமுறைதான். ஆனால் சனியும் திங்களும் வராதவனுக்கு நடுவில் கிடக்கிற ஞாயிற்றுச் சம்பளமும் போய்விடும். எந்தப் புண்ணியவான் யோசித்த சட்டமோ, திட்டு வாங்குவது மட்டும் அவள்.

அங்கே மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுகிற ஆறுச்சாமியின் அப்பா சனிக்கிழமை விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கே எரித்தாகிவிட்டது. ஞாயிறு சாயங்காலம் துக்கம் கேட்கப் போன திலகவதியை ஆறுச்சாமி தனியாகக் கூப்பிட்டான். ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கடனே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. திங்கள் காலையில் சுடுகாட்டில் பால் தெளிக்க வேண்டும், ஒரே மகன்.

"நாளைக்கும் வல்லீன்னா இன்னிக்குச் சம்பளமும் போயிருமுங்களாக்கா?"

போய்விடும் என்று சாவு வீட்டில் நின்று சொல்ல நாக்கு வரவில்லை. மேனேஜரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

திங்கள் காலை முதல் வேலையாகப் போய்ப் பேசினாள். மேனேஜர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"இவனுக்கு விட்டுக்குடுத்தா அடுத்த மாசம் பாதிப் பேருக்கு அப்பன் செத்துப்போவான், பாரும்மா."

மேலே பேசினால் தன் பிழைப்பு போகும் என்று திலகவதி வெளியே வந்தாள்.

வந்து பார்த்தால், விரல் வைக்கிற மெஷின் முன்னால் மொட்டைத் தலையோடு ஆறுச்சாமி நிற்கிறான். அரை நாள் வேலை பார்த்தால் ஞாயிறு தப்பிக்கும். ஆனால் காலையில் விரல் வைக்காதவனை மதியத்துக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். அதனால் அப்பாவின் காரியத்தையே மதியத்துக்குத் தள்ளிவிட்டு வந்திருந்தான்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே பங்காளிகள் பால் சொம்போடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய காரியம், இப்படியும் ஒரு மகன் உண்டா என்று பெரியப்பன் வாட்ச்மேனிடம் கத்திக்கொண்டிருந்தார். வெயிலில் பால் திரிந்துபோய், டீக்கடையில் பாக்கெட் பால் வாங்கினார்கள். அதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே அடுத்தவர்கள் கணக்கைப் போட்டதில் திலகவதிக்கு இரண்டு முறை தப்பாகிப்போனது. அவளுக்குச் சலித்துப்போய்விட்டது. யாரிடம் சொல்வது?

சாப்பாட்டு மணி அடித்ததும் ஆறுச்சாமி நேராக அவளிடம் ஓடி வந்தான். கையெல்லாம் வார்னிஷ்.

"ஞாயித்துக்கிழமை தப்பிச்சுருச்சுங்களாக்கா?"

அவன் கண்ணெதிரிலேயே கம்ப்யூட்டரில் அரை நாளைப் பதிந்தாள்.

"தப்பிச்சுருச்சு சாமி. கையக் கழுவிட்டு ஓடு. அப்பன் காத்துட்டிருக்காரு."